ஃப்ரேம் ஸ்லைடர்: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்15, அப்பாச்சி ஆர்ஆர் 310, டியூக் 390, இன்டர்செப்டர் என்று வண்டி எதுவானாலும், கீழே விழும்போது வண்டியின் பாகங்களைக் காக்கும் ஃப்ரேம் ஸ்லைடர் போடலாமா என்று கேட்பவர்கள் காட்டுவது ஒரு பிளாஸ்டிக் உருளையின் படத்தைத்தான். எந்த நிறம், எந்த பிராண்டு என்றே பேச்சு தொடங்கும். நான் பார்க்கச் சொல்வது அந்த உருளையின் மறுமுனையை. போல்ட் வண்டிக்குள் எங்கே போய்ப் பிடிக்கிறது, அடி விழும்போது முதலில் எது விட்டுக்கொடுக்கும், இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் காசு கொடுக்காதீர்கள். ஸ்லைடர் வண்டியைக் காக்குமா, சேஸியைக் கெடுக்குமா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

ஃப்ரேம் ஸ்லைடரும் கிராஷ் கார்டும் ஒன்றுதானா?

இல்லை. கிராஷ் கார்டு, சிலர் வாயில் லெக் கார்டு, எஞ்சினைச் சுற்றி வளைத்துக் கட்டிய இரும்புக் குழாய். இரண்டு மூன்று இடங்களில் சேஸியோடு பிடித்திருக்கும். சில கிலோ எடை இருக்கும். ஃப்ரேம் ஸ்லைடர் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உருளை. நடுவில் உலோக ஸ்பேசர், அதற்குள் நீளமான போல்ட். அந்த போல்ட் பெரும்பாலும் எஞ்சினைச் சேஸியோடு பிடிக்கிற மவுண்ட் துளையிலேயே இறங்கும். வண்டி சாய்ந்தால் ஃபேரிங் (வண்டியின் பக்கங்களை மூடும் பிளாஸ்டிக் உறை), டேங்க், கிளட்ச் கவர் ஆகியவை தரையைத் தொடும் முன் இந்த உருளை தொட வேண்டும். வேகத்தில் சறுக்கினால் தார்ச்சாலையில் இது தேய்ந்துகொண்டே போக வேண்டும்.

எந்த மாதிரி விழும்போது நிஜமாகவே உதவும்?

முதலாவது, நின்ற இடத்தில் விழுவது. கத்திரி வெயிலில் இளகிய தாரில் சைடு ஸ்டாண்டு மெல்ல உள்ளே இறங்கி வண்டி சாயும். பார்க்கிங்கில் பக்கத்து வண்டியை இழுக்கிறவர் நம் வண்டியைத் தட்டிவிடுவார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறை ஏற்றத்தின் 40 வளைவுகளிலோ முதல் கியரில் திரும்பும்போது எஞ்சின் அணைந்துபோகும். ஊன்றப் போன கால் பள்ளத்தில் இறங்கும். வண்டி அப்படியே படுத்துவிடும். நம் ஊரில் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் இப்படித்தான். இதில் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்லைடர் இல்லாத ஃபேரிங் வண்டியில் பக்கவாட்டுப் பேனல் கீறும், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காதுகள் முறியும், டேங்க் நசுங்கலாம்.

இரண்டாவது, லோசைடு. வளைவில் மணலோ டீசலோ பட்டு டயர் பிடி விட்டு, வண்டி சாய்ந்த பக்கமே படுத்துச் சறுக்கும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். டியூக் 390 மாதிரி ஏறக்குறைய 170 கிலோ வண்டி நிமிர்ந்த நிலையிலிருந்து படுக்கும்போது அதன் கனமையம் 30 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையில் அடிக்கிற ஆற்றல் சுமார் 500 ஜூல். அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 23,600 ஜூல். நாற்பது மடங்குக்கும் மேல். ஆனால் லோசைடில் வண்டி கீழ்நோக்கி அடிக்கிற அடி, நின்ற இடத்தில் விழும் அடியைவிடப் பெரிதாக இருப்பதில்லை. வளைவில் ஏற்கெனவே சாய்ந்திருப்பதால் இன்னும் குறைவாகவே இருக்கும். மீதி ஆற்றல் முழுவதும் சாலையோடு உரசி உரசித் தீர்கிறது. குறுக்கே எதுவும் வராதவரை நல்ல ஸ்லைடர் தாங்கக்கூடிய வேலைதான் அது.

எப்போது உதவாது?

குறுக்கே ஏதாவது வந்தால். சென்டர் மீடியனின் விளிம்பு, பாலத்தின் இணைப்புப் பட்டை, குழியின் உதடு, நடைபாதைக் கல். நீட்டிக்கொண்டிருக்கும் உருளை அதில் போய் மாட்டும். உரசித் தீர வேண்டிய அந்த 23,600 ஜூலில் மிச்சமிருப்பது ஒரே போல்ட்டில் ஒரே கணத்தில் இறங்கும். போல்ட் முறியலாம், மவுண்ட் கிழியலாம், அல்லது ஸ்லைடரை அச்சாகக் கொண்டு வண்டியே எகிறிப் புரளலாம். சாலையை விட்டு ஜல்லியிலோ மண்ணிலோ போனாலும் இதே கதை. உருளை மண்ணைக் குத்தி வண்டியைப் புரட்டிவிடும்.

நேருக்கு நேர் மோதலில் ஸ்லைடருக்கு வேலையே இல்லை. பின் டயர் வழுக்கி, திடீரென்று பிடித்து, வண்டியும் ஆளும் மேலே தூக்கியெறியப்படும் ஹைசைடிலும் வண்டி எந்தப் பக்கமாக வந்து விழும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் வழுக்கும். கால் வைக்கும் ஃபுட்பெக்கும் எஞ்சின் கவரும் தாரைக் கீறிக்கொண்டு போகிற வண்டியைவிட, ஸ்லைடரில் சறுக்குகிற வண்டி கூடுதல் தூரம் போகும். ரேஸ் டிராக்கில் வெட்டவெளி இருப்பதால் கவலையில்லை. மலைச்சாலையில் அந்தக் கூடுதல் தூரம் எதிர்த் திசைக்குள் இருக்கலாம்.

ஸ்லைடர் போட்டால் சேஸி வளைந்துவிடும் என்று என் மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லா ஸ்லைடருக்கும் அது பொருந்தாது, ஆனால் மோசமாக வடிவமைத்த ஸ்லைடரைப் பற்றி அவர் சொல்வது முழு உண்மை. இந்தக் கேள்வியில்தான் வாங்குகிறவர் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதலில் நீளம். உருளையின் நுனியில் விழும் அடி, போல்ட் பிடித்திருக்கும் இடத்தைக் கடப்பாரை மாதிரி நெம்புகிறது. மவுண்ட்டிலிருந்து 40 மில்லிமீட்டர் நீட்டியிருந்தால் ஒரு பங்கு நெம்புதல் என்றால், 80 மில்லிமீட்டர் நீட்டியிருந்தால் இரண்டு பங்கு. ஃபேரிங்கைத் தாண்டி வெளியே வர வேண்டும் என்பதால் முழு ஃபேரிங் வண்டிகளுக்கு ஸ்லைடர் இயல்பாகவே நீளமாகிவிடுகிறது. ஃபேரிங் இல்லாத டியூக்கிலோ இன்டர்செப்டரிலோ குட்டையான ஸ்லைடர் போதும். ஆகவே ஒரே கம்பெனியின் ஸ்லைடர் ஒரு வண்டிக்கு நல்லதாகவும் இன்னொன்றுக்குக் கெட்டதாகவும் இருக்கலாம்.

அடுத்தது போல்ட். வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்10 போல்ட்டைவிட 12 மில்லிமீட்டர் எம்12 போல்ட் சுமார் 1.7 மடங்கு தாங்கும். போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் பொறித்திருக்கும். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீளவோ வளையவோ தொடங்கும். 12.9 என்றால் 1200, அதில் 90 சதவீதம். பெரிய எண்தான் நல்லது என்று நினைத்துப் பலரும் 12.9 கேட்கிறார்கள். நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். போல்ட் வளைய மறுத்தால் அடுத்து வளைய வேண்டியது மவுண்ட்தான். அதற்காகத் தரம் குறைந்த போல்ட்டும் கூடாது, ஏனென்றால் இதே போல்ட்தான் எஞ்சினையும் பிடித்திருக்கிறது. கம்பெனி போல்ட்டின் தலையில் என்ன எண் இருந்ததோ அதே எண் போதும்.

மூன்றாவது, போல்ட் போய்ச் சேரும் இடம். சேஸியின் இரும்புக் குழாயில் பற்றவைத்த தடித்த காதில் பிடித்திருந்தால் நல்லது. பெரிய அடியில் அது வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் கேஸின் அலுமினிய வார்ப்புக் காதில் நேரடியாகப் பிடித்திருந்தால் கவனம் தேவை. அலுமினிய வார்ப்பு வளையாது, விரிசல் விட்டு உடையும். சிலிண்டர் ஹெட்டில் பிடிக்கிற ஸ்லைடரை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்15-இன் டெல்டாபாக்ஸ் சேஸி, டியூக் 390, ஆர்ஆர் 310 ஆகியவற்றின் டிரெல்லிஸ் (குழாய்ப் பின்னல்) சேஸி, இன்டர்செப்டரின் குழாய்ச் சட்டம் எல்லாமே இரும்பு. ஹயபுசா மாதிரி அலுமினியச் சேஸி வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

நான்காவது, பிராக்கெட். போல்ட்டுக்கு நேராக உருளை வைக்க இடமில்லாதபோது, தகடு ஒன்றை வைத்து உருளையைத் தள்ளிப் பொருத்துவார்கள். அந்தத் தகடு ஒரே போல்ட்டில் நின்றால் அடி விழும்போது சுழலும், சுழன்று ரேடியேட்டரிலோ ஃபேரிங்கிலோ குத்தும். தகடு என்றால் இரண்டு இடத்தில் பிடித்திருக்க வேண்டும். பேரம் பேசாமல் கேட்க வேண்டிய விஷயம் இது.

ஃபேரிங் பேனல் உடைந்தால் காசு போகும், அவ்வளவுதான். சேஸி போனால் அந்தச் சேஸி எண் ஆர்சியில் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓ அலுவலகம் வரை போக வேண்டும். விலை குறைந்த பொருளைக் காப்பாற்ற விலை உயர்ந்த பொருளைப் பணயம் வைக்காத ஸ்லைடர்தான் நல்ல ஸ்லைடர்.

உருளை எந்தப் பொருளில் இருக்க வேண்டும்?

அசிட்டால், நைலான், மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் ஆகிய மூன்றில் ஒன்று. டெல்ரின் என்று கடையில் சொல்வது அசிட்டாலின் ஒரு பிராண்டு, டூபான்ட் உருவாக்கியது. கெட்டியானது, வழவழப்பானது, தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, சுமார் 175 டிகிரி செல்சியஸில் உருகும். நைலான் 6 சுமார் 220 டிகிரியில்தான் உருகும், எளிதில் பிளக்காது. ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும். பாலிஎத்திலீன் தேய்மானத்தில் கெட்டிக்காரன், ஆனால் மென்மையானது. உராய்வுச் சூட்டில் 130 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும். நான் அசிட்டால் பக்கம். நைலான் கிடைத்தாலும் குறை சொல்ல மாட்டேன்.

தவிர்க்க வேண்டியது, வார்ப்பில் ஊற்றிய உள்ளே கூடான பிளாஸ்டிக் உருளை. கையில் எடுத்தால் எடையே இருக்காது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஃபேரிங் ஸ்க்ரூவிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்பது அலங்காரப் பொருள். சேஸியைத் தொடாத ஸ்லைடர் எதையும் காக்காது.

அலுமினியத்தில் வருகிறதே, பார்க்க அழகாக இருக்கிறதே?

அலுமினியம் தாரைக் கீறிப் பிடிக்கும், வழுக்காது. நுனியில் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் மூடி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாமா?

தாராளமாக. கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அசிட்டால் தண்டு, நைலான் தண்டு எல்லாம் இன்ஜினியரிங் பிளாஸ்டிக் கடைகளில் கிடைக்கும். ஆனால் கடைகிறவரிடம் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்.

ஒன்று, போல்ட்டை முறுக்கும் இறுக்கம் பிளாஸ்டிக்கின் மேல் விழக்கூடாது. தொடர்ந்து அழுத்தினால் எந்த பிளாஸ்டிக்கும் நாளடைவில் மெல்ல ஒடுங்கும். ஒடுங்கினால் போல்ட் லூசாகும். அந்த போல்ட் எஞ்சினைப் பிடித்திருக்கிறது. அதனால் உருளைக்குள் ஓர் உலோகக் குழாய் இருக்க வேண்டும். போல்ட் தலைக்கும் மவுண்ட்டுக்கும் இடையில் அந்தக் குழாய்தான் இறுக வேண்டும், பிளாஸ்டிக் அதைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டு, போல்ட் தலை உருளையின் வெளிமுகத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்க வேண்டும். குறைந்தது 20 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்று நான் சொல்வேன். சறுக்கலில் உருளை தேயும். ஆழம் போதாவிட்டால் பாதி வழியிலேயே இரும்புத் தலை தார்ச்சாலையைத் தொட்டுவிடும், தொட்டதும் பொறி பறக்கும், பிடிக்கும். வெளிமுகத்தின் விளிம்பை மழுக்கி உருட்டிவிடவும் சொல்லுங்கள். கூரான விளிம்பு சாலை வெடிப்புகளில் மாட்டும்.

ஃபேரிங்கை வெட்ட வேண்டுமா?

வண்டியைப் பொறுத்தது. போல்ட் நேராக வெளியே வரும் வழியில் பேனல் இருந்தால் ஓட்டை போட வேண்டும், அல்லது பிராக்கெட் வைத்து ஒதுக்க வேண்டும். வெட்ட மனம் வராது என்பது புரிகிறது. ஆனாலும் ஒரே போல்ட்டில் நிற்கும் வளைந்த பிராக்கெட்டைவிட, நேராக இறங்கும் போல்ட்டுக்காக ஃபேரிங்கில் போட்ட ஓட்டை மேல். ஓட்டை உருளையைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்வில் பிளாஸ்டிக் உரசிப் பிளக்கும்.

நானே வீட்டில் மாட்டலாமா?

இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சும் பொறுமையும் இருந்தால் மாட்டலாம். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள். தூக்க வேண்டாம், எடை போல்ட்டை விட்டு இறங்கினால் போதும். அப்போதுதான் பழைய போல்ட் சிரமமில்லாமல் வரும். இரண்டு பக்க போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். சில வண்டிகளில் ஒரே நீளத் தண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடும். அங்கே பழைய தண்டைத் தட்டி வெளியே எடுக்கும்போதே புதுத் தண்டு அதன் பின்னாலேயே உள்ளே போக வேண்டும். இடையில் விட்டால் எஞ்சின் ஒரு நூல் இறங்கும், பிறகு துளைகள் நேராக வராது, அதை நேராக்கச் சுத்தியலை எடுக்க வேண்டிவரும்.

போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். மரை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கட்டும். எண்ணெய் இருந்தால் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போது உள்ளே இறுக்கம் அதிகமாகிவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

மாட்டிய பிறகு, சரியான இடத்தில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நேரான நீளக் கழி ஒன்றை எடுத்து ஸ்லைடர் நுனிக்கும் ஃபுட்பெக் நுனிக்கும் பாலமாக வையுங்கள். எஞ்சின் கவர் அந்தக் கழிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். ஸ்லைடரிலிருந்து ஹேண்டில்பார் நுனிக்கும் இதேபோல் வைத்து டேங்கைப் பாருங்கள். கழி கவரையோ டேங்கையோ தொட்டால், விழும்போது தரையும் தொடும்.

கிராஷ் கார்டு போட்டால் காலாவது தப்புமே?

நம்பிக்கை பெரிது, ஆதாரம் குறைவு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. கிராஷ் பார் கணுக்கால், பாதக் காயங்களைக் குறைக்கிறது. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் காயங்கள் கூடி அந்த நன்மையைச் சரிக்கட்டிவிடுகின்றன என்பது அதன் முடிவு. ஆகவே கார்டானாலும் ஸ்லைடரானாலும் வண்டிக்காகப் போடுகிறோம் என்று தெளிவாக இருங்கள். உங்கள் உடம்புக்கு ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், கணுக்காலை மூடிய ஷூ. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஸ்லைடரை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.

வண்டிக்கு எது நல்லது என்று கேட்டால், ஹிமாலயன், டொமினார், இன்டர்செப்டர் மாதிரி எடையான, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளுக்கு நான் கார்டைத்தான் சொல்வேன். அவை அதிகம் விழுவது நின்ற இடத்தில், அல்லது மண்சாலையில் மெதுவாகப் போகும்போது. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள இன்டர்செப்டர் சாயும்போது அடியை இரண்டு மூன்று புள்ளிகளில் பகிர்ந்துகொள்ளும் குழாய்தான் நிம்மதி. ராயல் என்ஃபீல்டே அதற்கு எஞ்சின் கார்டு விற்கிறது. வளைவில் நன்றாகச் சாய்த்து ஓட்டும் ஆர்15, ஆர்ஆர் 310 வகைகளுக்கு ஸ்லைடர்.

ஸ்லைடர் மட்டும் போதுமா?

வண்டி படுக்கும்போது தரையில் படுவது ஹேண்டில்பார் நுனி, ஸ்லைடர், ஃபுட்பெக், பின்பக்கம். ஆகவே ஹேண்டில்பார் நுனியில் கனமான உலோக பார் எண்டும், முன் அச்சின் இரண்டு நுனியிலும் ஆக்சில் ஸ்லைடரும் இருந்தால் ஃபோர்க் கால்கள் தப்பும். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மில் மாட்டும் ஸ்பூல் என்ற சிறு உருளை, பின் சக்கரத்தை உயர்த்தி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் தூக்கவும் பின்பக்கத்தைக் கொஞ்சம் காக்கவும் உதவும்.

செலவில்லாத ஒரு வழியும் உண்டு, இதை யாரும் செய்வதில்லை. கிளட்ச், பிரேக் லீவர்களின் பிடியை ஹேண்டில்பாரில் கல் மாதிரி இறுக்காமல், கையால் பலமாகத் திருகினால் நகரும் அளவுக்கு விடுங்கள். கீழே விழும்போது லீவர் முறியாமல் பிடியோடு சுழன்றுவிடும். மண்சாலை ஓட்டுநர்கள் அடியில் டெஃப்லான் டேப் சுற்றுவது இதற்காகத்தான். ஏற்காட்டின் பாதி ஏற்றத்தில் கிளட்ச் லீவர் முறிந்தால், பளபளக்கும் ஃபேரிங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இடது பக்கம் கியர் லீவர் எஞ்சின் கேஸை நோக்கி மடங்கும் விதத்தையும் பாருங்கள். சில வண்டிகளில் விழும்போது அது உள்ளே மடங்கிக் கவரைக் குத்தி ஓட்டை போடும். ஆயில் ஒழுகி பின் டயரில் பட்டால் அடுத்த விழுதல் தயார்.

போலீஸ் பிடிப்பார்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் புல் பார்களுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. அப்போது பேச்செல்லாம் கார்களின் முன்னால் மாட்டும் இரும்புச் சட்டம் பற்றி. ஸ்லைடர் ஆர்சியில் உள்ள எதையும் மாற்றுவதில்லை. ஆனாலும் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டாத, கூர் இல்லாத, நம்பர் பிளேட்டையோ இண்டிகேட்டரையோ மறைக்காத பொருளாகவே மாட்டுங்கள். பக்கத்தில் நடந்து போகிறவரின் காலும் இதில் சேர்ந்தது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, ஸ்லைடர் எதற்கு?

தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசி இருந்தாலும் தேய்மானக் கழிவு உண்டு: ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். ஃபேரிங் முழுக்க பிளாஸ்டிக். ஆக, எஸ்டிமேட்டில் பாதி உங்கள் கையிலிருந்துதான். ஜீரோ டெப் சேர்த்திருந்தால் இந்தக் கழிவு இல்லை.

ஆனால் ஒரு கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50-இல் நிற்கும் தள்ளுபடி அது. பார்க்கிங்கில் சாய்ந்த ஒரு பேனலுக்காக அதை விடுவது பல நேரம் நஷ்டம். ஸ்லைடர் காசை மிச்சம் பிடிப்பது இந்தச் சின்னச் சின்ன விழுதல்களில்தான்.

வண்டி விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்ய?

உங்களைப் பாருங்கள், பிறகு பின்னால் வரும் வண்டிகளைப் பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கில் சுவிட்சை அழுத்துங்கள்.

வலது பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டைத் தள்ளி விடுங்கள், கியரில் போடுங்கள். பின்புறத்தைச் சீட்டின் ஓரத்தில் பதித்து, ஒரு கை கீழே இருக்கும் ஹேண்டில் கிரிப்பில், மறு கை பின் கைப்பிடியில் வைத்து, முதுகை வளைக்காமல், கால்களால் பின்னோக்கி நடந்து தூக்குங்கள். இடது பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்டு அடியில் மாட்டியிருக்கும். தூக்கிய வேகத்தில் மறுபக்கம் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது கூட இருந்தால் உதவி கேளுங்கள்.

எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகள் பலவற்றில் சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்தியிருக்கும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். கிளம்பும் முன் அடியில் ஆயில், கூலன்ட் சொட்டுகிறதா, பிரேக் பெடல் மடங்கியிருக்கிறதா, ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா, ஆக்சிலரேட்டர் விட்டதும் தானாக மூடுகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை மறக்கவே கூடாது. நசுங்கிய பார் எண்ட் கிரிப்பை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரைத் திறந்தபடியே நிறுத்திவிடும்.

விழுந்த பிறகு ஸ்லைடரை மாற்ற வேண்டுமா?

நின்ற இடத்தில் விழுந்து கீறல் மட்டும் இருந்தால் உருளையை வைத்துக்கொள்ளலாம். சறுக்கியிருந்தால் கழற்றிப் பாருங்கள். வட்டமாக இருந்த முகம் ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையாகியிருக்கும். அந்தத் தட்டையில் சின்ன ஜல்லித் துகள்கள் பதிந்திருக்கும். ஓரத்தில் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய உதடாகச் சுருண்டு நிற்கும். தேய்ந்த அளவைவிட, உள்ளே போல்ட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். பாதி ஆழம் போயிருந்தால் உருளையை மாற்றுங்கள்.

போல்ட்டைச் சமதளக் கண்ணாடியின் மேல் உருட்டுங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது. சறுக்கலுக்குப் பிறகு, துள்ளாவிட்டாலும் மாற்றிவிடுவது என் பழக்கம். போல்ட்டின் விலைக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மவுண்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத்தில் சந்தேகம் வந்தால் டை பெனட்ரன்ட் சோதனை செய்யும் வொர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். சாயம் விரிசலுக்குள் புகுந்து கோட்டைக் காட்டிக்கொடுக்கும்.

ரேஸ் டிராக்கில் என்ன செய்கிறார்கள்?

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ வண்டிகளைத் தயார்செய்யும் இடமான பேடாக்கில் நிற்கும் ரேஸ் வண்டிகளைப் பாருங்கள். அங்கே முதல் அக்கறை ஆயில் சாலையில் கொட்டக் கூடாது என்பதுதான். சர்வதேச சாலைப் பந்தய விதிகள், தரையில் படக்கூடிய ஆயில் கவர்களுக்கு மேல் இரண்டாவது கவர் கேட்கின்றன. எஞ்சின் உடைந்தால் ஆயிலிலும் கூலன்டிலும் பாதியாவது ஃபேரிங்கின் அடித்தொட்டியில் நிற்க வேண்டும் என்கின்றன. டிராக் போகிற எண்ணம் இருந்தால் ஸ்லைடருக்கு முன் எஞ்சின் கவர் பாதுகாப்பை வாங்குங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன், அதில் ஸ்லைடர் இருக்கிறது. நல்லதா?

இரண்டு பக்க உருளையும் ஒரே வயதா என்று பாருங்கள். ஒன்று வெயிலில் வெளுத்தும் மற்றது புத்தம் புதிதாகவும் இருந்தால் அந்தப் புதிய பக்கம் விழுந்த பக்கம். உடைமையாளரிடம் நேராகக் கேளுங்கள். பிறகு அந்தப் பக்கத்துப் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கையால் சுழன்று வந்தால் துளை நேராக இருக்கிறது, பாதியில் இறுகிக்கொண்டு பலம் கேட்டால் மவுண்ட் அசைந்திருக்க வாய்ப்பு அதிகம். வண்டிக்குப் பின்னால் சில அடி தள்ளிக் குனிந்து, இரண்டு டயரும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.